அளவுக்கு ஓர் ஆள்

நாற்காலியை மைத்துனர் மறுபடியும் இழுத்துவந்து தையல்காரரின் முழங்காலுக்குப் பின்னால் வைத்தார்.

"உட்காருங்க அத்தான். காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. நீங்களும் விழுந்து வச்சீங்கன்னா ரெண்டு பேரை யாரு பாக்கிறது?"

தையல்காரர் தலையை ஆட்டினார். உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் அவர் மனைவி டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். அவள் தலைமாட்டுக்கு நேரே சுவரோரம் அவர் நின்றிருந்தார். வருகிறவர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்புகளைப் பார்த்தார்கள். வாடகை நாற்காலிகளை இரண்டு பேர் உள்ளே கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இத்தனை நாற்காலிகள் ஒருநாளும் இருந்ததில்லை. வந்து உட்கார ஆளில்லாத வீடு அது.

பிழைப்பு முழுவதும் உட்கார்ந்தே தைத்த மனிதர். மிதிப்பலகையில் கால், துணியில் கண் என்று பாதி ஆயுளைக் கழித்தவர். அவருக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தவள் டீச்சர்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஊரில் எல்லாரும் அவளை டீச்சர் என்றார்கள், கல்யாணத்துக்குப் பிறகு இவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட வெட்கமாகிவிட்டது. விடுமுறை நாள் என்றால் தாள், தூரிகை, தண்ணீர், மடக்கு ஸ்டூல் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நல்ல கட்டடம் எதையும் அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கூரை போன கிடங்கு, பாதி விழுந்த கோட்டைச் சுவர், யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாத வளைவுகள், இவையெல்லாம் புல்வெளியில் எங்கே நிற்கின்றனவோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். "சொந்தமா ஒரு வீடு கட்டலாம்னா, குட்டிச்சுவரைத் தேடிப் போறாளே உங்க அக்கா" என்று இவர் மைத்துனரிடம் குறைப்பட்டுக்கொள்வார். "கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சும்மாவா சொன்னாங்க, அத்தான்? நீங்களும் கூடத்தானே போறீங்க?" என்பார் மைத்துனர்.

போகாமல் எப்படி? அவர் இல்லாவிட்டால் படம் இல்லை. வெறும் சுவரை வரைந்தால் அது முழங்கால் உயரமா, மூன்று மாடி உயரமா என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் சுவருக்கு அளவு. "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறீங்க இல்ல? எனக்கு நீங்களே அளவு. போய் அந்த வளைவுக்குக் கீழ நில்லுங்க" என்பாள். போய் நிற்பார், சுவரைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"என் மூஞ்சி ஒரு படத்துலயாவது இருக்கா டீச்சர்?"

"மூஞ்சியப் போட்டா எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க. அப்புறம் சுவரை யாரு பாக்கிறது?"

அதற்குமேல் பேச்சில்லை. அவள் தாளைப் பலகையில் ஒட்டி, பலகையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, பட்டைத் தூரிகையால் வாஷ் இறக்குவாள். நிறையத் தண்ணீரில் கொஞ்சம் வண்ணம். அது சரிவில் தானாக இறங்கும், அடியில் கோடாகத் திரண்டு நிற்கும், அந்தத் திரட்சியைக் காயவிடாமல் கீழே கீழே இழுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் நின்றால் நின்ற இடம் கறையாகக் காய்ந்துவிடும். வாஷ் இறங்கும்போது வீடு பற்றிக்கொண்டாலும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவள் பெட்டியில் வெள்ளை வண்ணமே கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். அவர் நிற்கிற இடத்தையும் அப்படித்தான் விடுவாள், நகக்கண் அளவுக்கு. வானம், புல், சுவர், சுவரின் நிழல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக் காய்ந்த பிறகு, கடைசியிலும் கடைசியாக மெல்லிய தூரிகையை எடுத்து அந்த வெள்ளையை நிரப்புவாள். சாம்பல் நிறத்தில் கால்சட்டை, சிவப்பில் மேல்சட்டை.

அவரிடம் சிவப்புச் சட்டை கிடையாது. ஊருக்கெல்லாம் கலர் கலராகத் தைத்தவர், தனக்கு வெளிர் நீலத்தைத் தாண்டித் தைத்துக்கொண்டதில்லை. ஆனால் வீட்டுச் சுவர் முழுக்க, இடிந்த சுவர்களின் அடியில், சிவப்புச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆளைப் போட்டு முடித்ததும் தூரிகைக் காம்பால் தகரக் குவளையில் இரண்டு தட்டு தட்டுவாள். டங், டங். அதற்குப் பிறகுதான் திரும்பலாம். ஒருமுறை தட்டுவதற்கு முன்னால் அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். கோபத்தில் அவர் இடத்தில் ஓர் ஆட்டைப் போட்டுவிட்டாள். அந்தப் படம் இன்னும் சாப்பாட்டு மேசைக்கு எதிரே தொங்குகிறது. அன்றிலிருந்து இன்னொரு தரம் அவர் அசைந்ததில்லை.

நேற்றும் அசையவில்லை.

வாசலில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றினார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், டீச்சரோடு சேர்ந்து அவ்வப்போது வரையப் போகிறவர். உள்ளே வந்து டீச்சரின் பாதத்தருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாங்களாமே?"

"ஆமாங்க."

"கொடுத்து வச்சவங்க." கையை விடாமல் தயங்கினார். "படம்... முடிச்சிருந்தாங்களா? ஆளைப் போட்டுட்டாங்களா?"

வரைகிறவர்களுக்கு வரும் சாதாரணக் கேள்விதான். ஆனால் தையல்காரர் கையை விடுவித்துக்கொண்டார். நேற்றிலிருந்து அவர் தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டார்.

"நான் பாக்கலைங்க" என்றார்.

நேற்று வளைவுக்குக் கீழே போய் நின்றபோது அதன் நிழல் அவர் பாதத்தில் கிடந்தது. முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு ஏறியது. இவள் ஏன் இன்னும் தட்டவில்லை என்று யோசித்தார். வாஷ் காயவில்லையோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நிழல் நெஞ்சுக்கு வந்தபோது முழங்கால் கடுகடுக்க ஆரம்பித்தது. என்னை நிக்க வச்சே கொல்லப் போறா இவ, என்று வாய்க்குள் திட்டினார். கடைசியில், ஆடு வேண்டுமானாலும் போட்டுக்கொள், யானை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று கத்துவதற்காகத் திரும்பினார்.

ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. அவள் புல்லில் பக்கவாட்டில் படுத்திருந்தாள். குவளை கவிழ்ந்திருந்தது. அவர் ஓடியதும், சாலையில் போனவர்கள் வந்ததும், யார் யாரோ சாமான்களை அள்ளிப் பையில் போட்டதும், காரில் ஏற்றியதும் எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. இதயம் சட்டென்று நின்றுவிட்டது, குரல் எடுக்கக்கூட நேரம் இருந்திருக்காது, வலி தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் குவளையைப் பற்றித் தெரியாது.

ஆளைப் போட்டு முடித்திருந்தால் தட்டியிருப்பாள். முடித்த பிறகு தட்டாமல் அவள் இருந்ததே இல்லை. தட்டியிருந்தால் அவருக்குக் கேட்கவில்லை. இயந்திரத்தின் பக்கமாகவே இருந்து இருந்து அவருக்கு இடது காது போய்விட்டது, வலது காதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. போன மாதம் இப்படித்தான் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து முதுகைத் தொட்டாள். "என்னங்க, செவிடாயிட்டீங்களா?" என்று சிரித்தாள். "ஏதோ யோசனையில இருந்தேன்" என்று சொல்லிவிட்டார். காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள அவருக்கு வீம்பு.

ஒருவேளை நேற்றும் தட்டியிருக்கிறாள். இவர் வரவில்லை. இன்னொரு முறை தட்டியிருக்கிறாள். எழுந்து வந்து தொடலாம் என்று ஸ்டூலை விட்டு எழுந்திருக்கிறாள். அப்போதுதான்... இதற்குமேல் நினைக்க அவரால் முடியவில்லை. அதனால்தான் உட்காரவும் முடியவில்லை. படத்தை ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும், ஆள் வெள்ளையா, சிவப்பா என்று. அந்த ஒரு பார்வைக்கு அவருக்குத் தைரியமில்லை. பலகையை மாப்பிள்ளை காரிலிருந்து எடுத்து வந்ததைப் பார்த்தார். மகள் அதை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனதையும் பார்த்தார். போர்வையில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறாளாம்.

மதியத்துக்குப் பிறகு டீச்சரை எடுத்துக்கொண்டு போனார்கள். போனார்கள், முடித்தார்கள், திரும்பி வந்தார்கள். அந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்த நேரம்தான் அது. திரும்பி வந்து பார்த்தால் கூடம் முன்பைவிடப் பெரியதாக இருந்தது. அளவுக்கு ஆளில்லை.

மைத்துனர் தூணில் சாய்ந்து அசந்துவிட்டார். மாப்பிள்ளை நாற்காலிக் கணக்கைத் தீர்க்க வெளியே போயிருந்தார். வெயில் தாழ்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டது. மகள் டம்ளரில் பாலைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல நீங்க. குடிங்கப்பா."

குடித்தார். சூடு இருந்ததா, சர்க்கரை இருந்ததா, தெரியவில்லை. மகள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளும் சின்ன வயதில் படத்துக்கு நின்றவள்தான். எறும்பு கடித்துத் துள்ளியதற்கு, "எறும்பு படத்துல தெரியாது, நீ தெரிவே, நில்லு" என்று அம்மாவிடம் திட்டு வாங்கியவள். தட்டும் வரை திரும்பக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

"அப்பா."

"ம்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க நேத்து?"

"நிழல் இங்க வர்ற வரைக்கும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கையிலிருந்த துண்டின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் படத்தைப் பாத்தேம்பா."

அவர் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"முடிச்சுட்டாங்கப்பா. முழுசா முடிச்சுட்டாங்க. உங்களையும் போட்டாச்சு. அதே சிவப்புச் சட்டை."

"போட்டாச்சா?"

"ம். ரொம்ப நல்லா வந்திருக்கு. பாதியில விட்டுட்டுப் போகல. நிம்மதியா முடிச்சுட்டுத்தான் போயிருக்காங்க. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

ஆறுதல் சொல்கிறாள் பாவம். குரல் நடுங்காமல் இருக்க அவள் பட்ட பாடு தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மண்டையில் இறங்கியது. முடித்துவிட்டாள். அப்படியானால் தட்டியிருக்கிறாள். தட்டித் தட்டி, இவர் முதுகையே பார்த்துக்கொண்டு, எழுந்து... அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லதும்மா" என்றார்.

"பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே அவசரமாகச் சொன்னாள். "இப்ப வேணாம்பா. பிரேம் போட்டுக் கொண்டுவந்து தரேன். அப்புறம் பாக்கலாம்."

"சரிம்மா. அப்புறம் பாக்கலாம்."

அவள் கூடத்தைப் பெருக்கப் போனாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கால் தானாகத் துணி வெட்டும் மேசைப் பக்கம் போனது. மேசைக்கு அடியில் பை கிடந்தது, நேற்று யாரோ கண்டதையும் அள்ளித் திணித்தபடியே. புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. வரைவது அவள், கழுவுவது அவர், அந்த வீட்டில் அதுதான் வழக்கம். வந்ததும் அவள் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். இவர் தூரிகைகளைக் கழுவி, நுனியைக் கூர்ப்பித்து, துணியில் பரப்பி வைப்பார். கழுவாமல் விட்டால் வண்ணம் வேரில் இறுகி மயிர் உதிர்ந்துவிடும். யாருக்காக இனி என்று தோன்றியது. இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனார்.

பட்டைத் தூரிகை முதலில் வந்தது. சாம்பல் கலந்த நீலம் அதில் இறுகிக் கிடந்தது. குழாயடியில் பிடித்து விரலால் கசக்கினார். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துவைகல்லில் ஓடியது, அவளுடைய கடைசி வானம். உருண்டைத் தூரிகையில் மண் நிறம். வண்ணத் தட்டில் பச்சை காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழுவினார். பிறகு பையைக் கவிழ்த்து மண்ணைத் தட்டினார்.

அந்தப் பையைத் தைத்தவர் அவர்தான். கெட்டியான காக்கித் துணி, ஒவ்வொரு தூரிகைக்கும் ஒரு சிறு பை. மெல்லிய தூரிகை மட்டும் எங்காவது விழுந்து காணாமல் போய்க்கொண்டே இருந்ததால், அதன் பைக்கு மட்டும் மூடி வைத்து, ஒரு சட்டைப் பட்டன் வைத்திருந்தார். பட்டன் துளையைக் கொஞ்சம் இறுக்கமாகவே வெட்டியிருந்தார். டீச்சருக்கு அதைக் கழற்றப் பொறுமை இருக்கும், போடப் பொறுமை இருக்காது. திறந்த பையிலேயே செருகிக்கொண்டு வந்துவிடுவாள். "எங்க அம்மா கூட எனக்கு இத்தனை பட்டன் போட்டுவிட்டதில்ல" என்பாள். கழுவிய பிறகு பட்டனைப் போடுவது எப்போதும் அவர் வேலை.

பட்டன் போட்டிருந்தது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. நேற்று சாமான்களை அள்ளிப் போட்டவர்களுக்குத் தூரிகையைப் பையில் செருகவே தெரிந்திருக்கவில்லை, பட்டனா போட்டிருக்கப் போகிறார்கள்? மெதுவாகக் கழற்றினார். மெல்லிய தூரிகை உள்ளே இருந்தது. நுனி காய்ந்து, கூராக, போன வாரம் அவர் கழுவி உதட்டில் வைத்துக் கூர்ப்பித்தபடியே இருந்தது. வண்ணப் பெட்டியைத் திறந்தார். எல்லாக் கட்டிகளும் குழைந்து, ஒன்றின் நிறம் இன்னொன்றில் வழிந்து கிடந்தன. சிவப்பு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் ஒரு புல்லின் தூசி.

ஆளைப் போடவில்லை. அவள் தட்டவில்லை. தட்டி அவருக்குக் கேட்காமல் போகவில்லை. அவள் கூப்பிட்டு அவர் வராமல் இருந்துவிடவில்லை.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். குழாயடித் திட்டில், ஈரத்திலேயே. நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதார், குழாய்ச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அழுது ஓய்ந்தபோது மற்றது வந்தது. அவள் வாஷ் இறக்கிக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள், நிழல் முழங்காலில் இருந்தபோதோ, இடுப்பில் இருந்தபோதோ. கூப்பிடு தூரத்தில் அவள் தனியாகக் கிடந்தாள், அவர் தனியாக நின்றார். அதற்குப் பிறகு நிழல் ஏறிய நேரமெல்லாம் அவர் யாருக்கும் அளவாக நிற்கவில்லை. இதை யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மகளின் பொய் அப்போதுதான் அவர் புத்தியில் உறைத்தது. படத்தில் வெள்ளையாக விட்ட இடத்தைப் பார்த்திருக்கிறாள். அப்பா எவ்வளவு நேரம் வெறுமனே நின்றார் என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாள். அதை அவரிடமிருந்து மறைக்கத்தான் அந்தச் சிவப்புச் சட்டையைச் சொல்லால் போட்டுக் காட்டினாள். அம்மா போன துக்கத்தோடு இதையும் தூக்கிக்கொண்டு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே மகள் பெருக்கிக்கொண்டே நடைவழிக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் இந்தப் பக்கம் வருவாள். வந்தால் காய்ந்த சிவப்பைப் பார்ப்பாள், நனையாத தூரிகையைப் பார்ப்பாள். அவள் டிராயிங் டீச்சரின் பெண், அவளுடைய பொய்யை அவர் கண்டுகொண்டது ஒன்றும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

தையல்காரர் தகரக் குவளையில் தண்ணீர் பிடித்தார். மெல்லிய தூரிகையை நனைத்து, சிவப்புக் கட்டியின்மேல் வைத்து மெல்லச் சுழற்றினார். வெடித்த சிவப்பு முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு இளகியது. தூரிகை நுனி நிறைய எடுத்து, குவளையில் விட்டு அலசினார். தண்ணீர் சிவந்தது. போதவில்லை என்று இன்னொரு தரம் எடுத்து அலசினார். வேலை முடித்த தூரிகையைக் கழுவினால் எப்படி இருக்குமோ அப்படி ஆனது தண்ணீர். எழுந்து நின்றார். ஈரம் உதிர, தூரிகைக் காம்பைக் குவளை விளிம்பில் தட்டினார்.

டங், டங்.

நன்றாகவே கேட்டது.

நடைவழியில், அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த மகள், துடைப்பத்தோடு நிமிர்ந்து திரும்பினாள்.